ரெண்டு இன்ச் கொலு பொம்மைக்கு கண்ணு வரைய எந்த பிரஷ்? 10/0 வாங்கி ஏமாந்துட்டேன்

பொம்மைக்காரி:
வணக்கம் மக்களே, ரங்கூன் தமுவேலேர்ந்து எழுதறேன். எங்க அம்மாச்சி வச்சிருந்த கொலு பொம்மை ஒரு ட்ரங்குப் பெட்டி நிறைய பரண்ல கிடந்துச்சு, போன மழைக்கு கூரை ஒழுகி பாதி பொம்மைக்கு பெயிண்ட் உரிஞ்சு போச்சு. எல்லாம் மண்ணு, ரெண்டு இன்ச்லேர்ந்து ரெண்டரை இன்ச் உயரம். செட்டியாரும் செட்டிச்சியும் அவங்க மளிகைக்கடையும், அப்புறம் ஒரு கல்யாண ஊர்கோலம், நாயனக்காரர், தவில்காரர். நவராத்திரிக்குள்ள முடிச்சிடணும்னு உக்காந்து புடவை, வேட்டி, உடம்பு எல்லாம் அக்ரிலிக்ல அடிச்சு முடிச்சுட்டேன், கண்ணுலதான் மாட்டிக்கிட்டேன். கண்ணு ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். சரி இருக்கறதுலயே சின்ன பிரஷ் வாங்குவோம்னு ஒன்பது பிரஷ் உள்ள செட் ஒண்ணு ஆன்லைன்ல வாங்கினேன், அதுல 10/0, 5/0, 3/0 எல்லாம் இருக்கு (/0க்கு முன்னாடி நம்பர் ஏற ஏற பிரஷ் சின்னது), பாத்தா ஊசி மாதிரி. பெயிண்ட்ல தொட்டு பொம்மைகிட்ட கொண்டுபோறதுக்குள்ள நுனியில காஞ்சு போகுது. அழுத்தினா ஒண்ணும் விழல, இன்னும் கொஞ்சம் அழுத்தினா முடி ரெண்டா பிரிஞ்சு பாம்பு நாக்கு மாதிரி ரெண்டு கோடு விழுது. செட்டிச்சி கன்னத்துல இப்ப ஒரு மச்சம் இருக்கு, அது அம்மாச்சி காலத்துல இல்லாதது. இதவிட சின்னதா பிரஷ் இருக்கா? 20/0னு ஒண்ணு பாத்தேன், அத வாங்கலாமா?

டேங்க்_பைத்தியம்:
வாங்காதீங்க அக்கா!! இது எல்லாரும் விழற குழிதான், நானும் விழுந்து எந்திரிச்சவன். நான் 1/35 சைஸ், அதாவது நிஜ ஆளுல 35ல ஒரு பங்கு, பிளாஸ்டிக் சோல்ஜர் பெயிண்ட் பண்றவன், அதுல ஒரு ஆளு மொத்தமே உங்க பொம்மை உயரம்தான் வருவான், கண்ணு உங்களோடதுல பாதி கூட இருக்காது, நான் அதுக்கு யூஸ் பண்றது 10/0வ விட பெரிய நம்பர் 1. சில நேரம் நம்பர் 2. நம்ப மாட்டீங்க ஆனா அதான் உண்மை. காரணம் என்னன்னா பிரஷ்ஷுல கோடு போடறது நுனி, ஆனா அந்த நுனிக்கு பெயிண்ட் அனுப்பறது வயிறு, அதாவது முடி நடுவுல உப்பலா இருக்கே அந்த இடம். 10/0ல வயிறே கிடையாது, அஞ்சாறு முடிதான், அது எவ்வளவு தண்ணி பிடிக்கும், நம்ம ஊர் சித்திரை வெயில்ல ஃபேன் வேற ஓடினா ரெண்டு செகண்ட்ல காஞ்சிடும். நல்ல நம்பர் 1 பிரஷ்ஷுக்கு நுனி அதே 10/0 அளவுக்கு கூராத்தான் வரும், ஆனா பின்னாடி ஒரு தொட்டி இருக்கு.

லாத்தா_வாசி:
மேல தம்பி சொன்னது கரெக்ட், ஆனா பாதிதான் சொல்லியிருக்காரு. "நல்ல" நம்பர் 1னு ஒரு வார்த்தை போட்டுட்டு போயிட்டாரே, அந்த "நல்ல"லதான் எல்லாமே இருக்கு. மொதல்ல நம்பர நம்பாதீங்க. ஒரு கம்பெனியோட 1 இன்னொரு கம்பெனியோட 0 மாதிரி இருக்கும், இதுக்கு உலகத்துக்கே பொதுவா ஒரு அளவு கிடையாது. ரெண்டாவது, கடையில பாக்கும்போது எல்லா பிரஷ்ஷும் கூராத்தான் இருக்கும், ஏன்னா ஃபேக்டரியில பசை போட்டு நுனிய திரிச்சு காய வச்சு அனுப்பறான். நீங்க பாத்த ஊசி அந்தப் பசைதான், முடி இல்ல. வீட்டுக்கு வந்து தண்ணியில முக்கினதும் குட்டு வெளிப்படும்.

அதனால கடையில ஒரு டம்ளர் தண்ணி கேளுங்க. பிரஷ்ஷ முக்கி விரல் நுனியால மெதுவா பசைய கரைச்சு விட்டு, மணிக்கட்ட ஒரு உதறு உதறுங்க, தெர்மாமீட்டர உதறுவோமே அந்த மாதிரி. அந்த ஒரே உதறுல முடி தானா ஒண்ணு சேந்து ஒரே கூரா நின்னா வாங்குங்க. ரெண்டா பிரிஞ்சாலோ ஒரு முடி மட்டும் தனியா சிலும்பி நின்னாலோ திருப்பி வச்சிடுங்க, அது எவ்வளவு விலையா இருந்தாலும் சரி.

பொம்மைக்காரி:
அண்ணே எந்தக் கடைக்காரன் தண்ணி குடுப்பான்? சூரத்தி பஜார்ல பிரஷ்ஷ தொட்டாலே மொறைக்கறான்.

லாத்தா_வாசி:
ஸ்கூல் சாமான் விக்கறவன்கிட்ட போனா அப்படித்தான்மா. பெயிண்டிங் சாமான் மட்டும் விக்கிற கடைக்கு போ, பான்சொடான் பக்கம் ஓவியம் வரையறவங்க புழங்கற இடத்துல கேட்டாலே வழி சொல்லுவாங்க. அவனுக்குத் தெரியும், தண்ணி கேக்கறவன்தான் வாங்கறவன்னு. நம்ம ஆளுங்க பத்து வெத்தலையில ஒரு வெத்தலைய பொரட்டிப் பாக்காம வாங்குவோமா? பிரஷ்ஷுக்கு மட்டும் என்ன கூச்சம்.

மோல்மேன்_முத்து:
தங்கச்சி, நான் கோயில் வேலைக்காரன், சுதை சிற்பத்துக்கு வர்ணம் அடிக்கறது இருபது வருஷமா. எங்க வாத்தியார் ஆறடி துவாரபாலகருக்கும் கண்ணு வரைவாரு, பூஜை ரூம்ல வைக்கிற சாண் உயரப் பிள்ளையாருக்கும் வரைவாரு, ரெண்டுக்கும் ஒரே தூரிகைதான், நுனி மட்டும் தேயாம பாத்துப்பாரு. பிரஷ்ஷ பத்தி இவ்வளவு பேசறீங்களே, பெயிண்ட்டோட பதத்தப் பத்தி யாரும் வாயத் தொறக்கலயே? உங்க ரெண்டு கோடு விழற பிரச்சினைக்கு பாதி காரணம் பெயிண்ட் கெட்டியா இருக்கறது. டப்பாவுலேர்ந்து அப்படியே எடுத்தா தயிர் மாதிரி இருக்கும், அது புடவைக்கு ஓகே, கண்ணுக்கு பால் பதம் வேணும், அதுவும் தண்ணி கலந்த டீக்கடைப் பால் பதம். தொட்டதும் நேரா பொம்மைகிட்ட போகக்கூடாது, பிரஷ்ஷ ஒரு டிஷ்யூல படுக்க வச்சு உருட்டி இழுத்தா அதிகப்படியா இருக்கறது டிஷ்யூ குடிச்சிடும், உருட்டறதுல நுனியும் கூராகும். அப்புறம் இடது கை பெருவிரல் நகத்து மேல ஒரு புள்ளி, ஒரு கோடு. நகத்துல சரியா விழுந்தாதான் சாமி முகத்துக்கு போகணும், இது வாத்தியார் போட்ட சட்டம்.

கை நடுங்குதுன்னு சொல்லுவீங்க அடுத்து, அதுக்கும் சொல்லிடறேன். பொம்மைய ஒரு மருந்து பாட்டில் மூடி மேல களிமண்ணோ ஒட்டற பசையோ வச்சு நிறுத்துங்க, பாட்டில இடது கையில பிடிங்க, ரெண்டு முழங்கையும் மேசையில, ரெண்டு மணிக்கட்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இருக்கணும். நடுங்கினா ரெண்டு கையும் சேந்து நடுங்கும், கோடு கோணாது.

தட்டோன்_பெரியவர்:
எல்லாம் சரி. நான் கேக்கறது வேற. இந்த ஒசத்தி பிரஷ் எல்லாம் ஏதோ பிராணியோட வால் மயிருன்னு சொல்றாங்களே. நவராத்திரிக்கு வைக்கிற பொம்மை, அதுல அம்பாளும் இருப்பா. செத்த மிருகத்து மயிர வச்சு அம்பாளுக்கு கண் திறக்கறது முறையா? என்னைத் திட்டாதீங்க, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்.

டேங்க்_பைத்தியம்:
யாரு ஐயா திட்டப்போறா, நல்ல கேள்விதான். தெரிஞ்சத சொல்றேன். பேர் போன பிரஷ் எல்லாம், வின்சர் அண்ட் நியூட்டன் சீரிஸ் 7, ரஃபேல் 8404, டாவின்சி மேஸ்ட்ரோ, ரோஸ்மேரி சீரிஸ் 33, எல்லாம் கோலின்ஸ்கி சேபிள்னு போட்டிருக்கும். பேர்ல சேபிள்னு இருந்தாலும் அது சேபிள்ங்கற பிராணியோட முடி கிடையாது, சைபீரியன் வீசல்னு நம்ம கீரிப்பிள்ளை சாயல்ல ஒல்லியா ஒரு பிராணி, அதோட வால் முடி. அந்த முடி ஒவ்வொண்ணும் அடியில மெலிஞ்சு நடுவுல தடிச்சு நுனியில மறுபடி ஊசியா இருக்கும், அதனாலதான் வயிறும் கூரும் இயற்கையாவே வருது. ஆனா ஆமா, உயிரோட விட்டு முடி மட்டும் வெட்டறதில்ல. அதுல ஒளிக்க ஒண்ணுமில்ல. அந்த சீரிஸ் 7க்கு ஒரு கதை கூட உண்டு, 1866ல விக்டோரியா ராணி தனக்குப் பிடிச்ச நம்பர் 7 சைஸ்ல இருக்கறதுலயே ஒசத்தியா ஒரு வாட்டர்கலர் பிரஷ் செஞ்சு குடுங்கன்னு கேட்டதுல வந்ததுதான் அந்தப் பேரு. நம்பர் 7 பாத்தீங்களா, 10/0 இல்ல 😀

முறையா இல்லையான்னு எனக்குச் சொல்லத் தெரியாது ஐயா, மனசு உறுத்தினா சிந்தெடிக் இருக்கு. அதுலயும் இப்ப கோலின்ஸ்கி மாதிரியே செய்யறாங்க, எஸ்கோடா வெர்சடில், டாவின்சி கொலினியோ, பிரின்ஸ்டன் அக்வா எலீட். நூத்துக்கு எண்பது வரும். ஆனா சிந்தெடிக் நுனி கொஞ்ச நாள்ல கொக்கி மாதிரி வளையும், அது அதோட தலையெழுத்து.

மோல்மேன்_முத்து:
பெரியவரே, எங்க வழக்கத்துல கண் திறக்கறதுன்னா அது சடங்கு, பிரதிஷ்டைக்குப் போற மூர்த்திக்கு. அதுக்குன்னு நாள் பாத்து தனியா செய்வாங்க. கொலு பொம்மைக்கு கண்ணு வரையறது வர்ண வேலைதான். ஆனா நான் அம்பாளுக்கு நைலான் பிரஷ்தான் எடுப்பேன், செட்டியாருக்கு எது கிடைச்சாலும் சரி.

லாத்தா_வாசி:
செட்டியார்னா இளக்காரமா? பர்மாவுல செட்டியாருக்கு மரியாதை ஜாஸ்தி, 1930கள்ல கீழ் பர்மாவோட முக்கிய நெல்லு வயல்ல கால்வாசி அவங்க பேர்ல இருந்த ஊரு இது.

சரி விஷயத்துக்கு வரேன், பக்கத்துலயே கிடைக்கற ஒண்ண யாரும் சொல்லல. சீனாக்காரங்க எழுதற தூரிகை. லாத்தாவுல சீனக் கடைங்கள்ல கொத்துக் கொத்தா தொங்கும். அதுல செம்பழுப்பு முடி உள்ளத "லாங்ஹாவ்"னு சொல்லுவாங்க, வார்த்தைக்கு அர்த்தம் ஓநாய் முடி, ஆனா உண்மையில அது அதே வீசல் வால்தான். அந்தப் பிராணி சைபீரியாவுல மட்டும் இல்ல, சீனா பூரா இருக்கு, நம்ம பர்மா வடக்கு மலையில கூட உண்டு. விலை இங்கிலீஷ் பிரஷ்ல கால்வாசி கூட வராது. ஒரே குறை, முடி நீளம் ஜாஸ்தி, வளைஞ்சு குடுக்கும், கை பழகணும். ஆனா புடவைக் கரை, நெத்தியில திருநீறு மூணு கோடு, மீசை இதுக்கெல்லாம் நீள முடிதான் ராஜா, ஒரு தடவை தொட்டா ஒரு கரை முழுக்க விட்டுப் போகாம வரும். இருக்கறதுலயே மெல்லிசு கேளுங்க, இலைக்கு நரம்பு போடறதுக்குன்னு ஒண்ணு வச்சிருப்பான். மலிவு ரகத்துல ஆட்டு முடிக்கு சாயம் போட்டு வச்சிருப்பான், தண்ணியில முக்கி உதறிப் பாக்கற பரீட்சை இதுக்கும் உண்டு.

நெயில்_நீலா:
நான் பியூட்டி பார்லர் வச்சிருக்கேன், உங்க பொம்மை விஷயம் எனக்கு ஒண்ணும் தெரியாது ஆனா நகத்து மேல ரோஜாப்பூ வரையறவ நான். நெயில் ஆர்ட் லைனர்னு விக்கறாங்களே அது எந்த காஸ்மெட்டிக் கடையிலயும் கிடைக்கும், நைலான், 7 மில்லிமீட்டர் 9 மில்லிமீட்டர் 11 மில்லிமீட்டர்னு முடி நீளத்துல அளவு போட்டிருக்கும். ஒரு மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) காசுக்கு ரெண்டு வாங்கலாம். கெட்டுப் போனா தூக்கிப் போட மனசு வலிக்காது. பழக ஆரம்பிக்கறவங்களுக்கு இது போதும்னு நினைக்கறேன். கொக்கி மாதிரி வளைஞ்சா சுடுதண்ணியில, கொதிக்கற தண்ணி இல்ல, நுனிய மட்டும் கொஞ்ச நேரம் காட்டி விரலால நீவி விட்டா நேராயிடும், ரெண்டு மூணு தடவ வரைக்கும் வேலைக்காகும்.

டேங்க்_பைத்தியம்:
இது செம ஐடியா அக்கா. ஆனா ஒரு எச்சரிக்கை, சுடுதண்ணி வைத்தியம் நைலானுக்கு மட்டும்தான். நிஜ முடி பிரஷ்ஷ சுடுதண்ணியில காட்டினா உலோகக் குழாய்க்குள்ள இருக்கற பசை இளகி முடி கழண்டு வரலாம்.

பொம்மைக்காரி:
எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விஷயமா இதுல! நீலா அக்கா சொன்ன லைனர் ரெண்டு நேத்தே வாங்கிட்டேன், 7 மில்லிமீட்டர். முத்து அண்ணே சொன்ன மாதிரி பால் பதத்துல கலந்தா இப்ப வேற பிரச்சினை, கலக்கற இடத்துலயே காஞ்சிடுது. அம்மாச்சி முகத்துக்கு பூச தனாக்கா கட்டை அரைச்ச பழைய கல்லு ஒண்ணு ஓரம் உடைஞ்சு சும்மா கிடக்கு, அதுலதான் கலக்கறேன், பாக்க அழகா இருக்குன்னு 🙈 நுனி கூர் பண்ண நாக்குல வச்சுக்கறேன், அது தப்பா?

லாத்தா_வாசி:
அம்மா தாயே!! தனாக்கா கல்லா? கட்டையத் தேச்சு மாவாக்கற சொரசொரப்பு கல்லும்மா அது, அதுல பிரஷ்ஷ போட்டு உருட்டினா உன் நுனிய கல்லு சந்தனம் மாதிரி அரைச்சிடும். கல்லக் கழுவி முகத்துக்கு பூசறதுக்கே வச்சுக்க.

டேங்க்_பைத்தியம்:
நாக்கு வேணாம் அக்கா. நிறைய பேர் பண்றாங்க, நானும் பண்ணியிருக்கேன், ஆனா சில கலர்ல காட்மியம், கோபால்ட் எல்லாம் இருக்கு. 1920கள்ல அமெரிக்காவுல வாட்ச் டயலுக்கு ரேடியம் பெயிண்ட் அடிச்ச பொண்ணுங்க உதட்டுல வச்சு நுனி கூராக்கித்தான் எலும்பு அரிச்சு செத்தாங்க. நம்ம பெயிண்ட்ல ரேடியம் இல்லதான், ஆனா ஈர டிஷ்யூ இருக்கும்போது நாக்கு எதுக்கு.

காயறதுக்கு ஈர பேலட் பண்ணுங்க. மூடி உள்ள பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா, அடியில ஸ்பாஞ்ச் இல்லன்னா நாலா மடிச்ச கிச்சன் டிஷ்யூ, தண்ணி ஊத்தி நல்லா நனையட்டும், அதுமேல கேக் பேக் பண்ற பேப்பர், அந்தப் பேப்பர் மேல பெயிண்ட். கீழேர்ந்து ஈரம் ஏறிக்கிட்டே இருக்கும், மூடி வச்சா மறுநாளும் உயிரோட இருக்கும். மழைக்காலத்துல ரெண்டு நாளைக்கு ஒரு தடவ தண்ணி மாத்துங்க, இல்லன்னா பூசணம் பூத்து டப்பாவத் தொறந்தா ங்கப்பி (புளிச்ச மீன் விழுது) வாசம் வரும்.

பிராஸ்பாசா_பக்கம்:
சிங்கப்பூர்லேர்ந்து. அடுத்த மாசம் ரங்கூன் வரேன், யாருக்காவது வேணும்னா பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ்ல வாங்கிட்டு வரேன், தண்ணியில டெஸ்ட் பண்ணித்தான் எடுப்பேன் 😎 லிஸ்ட் குடுங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன், மெட்ராஸ்லேர்ந்து சொந்தக்காரங்க யாராவது கீரி முடி பிரஷ்னு கொண்டு வந்தா வாங்காதீங்க. இந்தியாவுல கீரி 1972 வனவிலங்கு சட்டத்துல பாதுகாக்கப்பட்ட பிராணி, அது முடியில பிரஷ் செய்யறது விக்கறது ரெண்டுமே குத்தம், கள்ளத்தனமா ஓடிக்கிட்டுதான் இருக்கு. கோலின்ஸ்கி அப்படி தடை இல்ல, ஆனா காகிதம் சரியா இல்லன்னு 2013ல அமெரிக்காவுல சரக்க நிறுத்தி வச்சு பிரஷ் கிடைக்காம ஆளுங்க அல்லாடினாங்க.

பொம்மைக்காரி:
நம்பர் 1 ஒண்ணே ஒண்ணு தம்பி, கோலின்ஸ்கி. மத்தபடி சிந்தெடிக் நம்பர் 0 ஒண்ணு, அம்பாளுக்கு. பெரியவர் மனசும் கோணக் கூடாது. ஒரு சந்தேகம், சீரிஸ் 7லயே மினியேச்சர்னு தனியா ஒண்ணு இருக்காமே, பொம்மைக்கு அதுதானே வாங்கணும்?

டேங்க்_பைத்தியம்:
பேரப் பாத்து ஏமாறாதீங்க, அதுல முடி குட்டை, அதனால பெயிண்ட் கம்மியா பிடிக்கும், மறுபடி 10/0 கதைதான். சாதா சீரிஸ் 7 கேளுங்க. சிலருக்கு குட்டை முடிதான் கைக்குள்ள நிக்குதுன்னு பிடிக்கும், என் கைக்கு ஆகல.

மோல்மேன்_முத்து:
ஒசத்தி பிரஷ் வாங்கினா அத வச்சு தங்கக் கலர் தொடாதே தங்கச்சி. அதுல மினுக்குறது எல்லாம் பொடிப்பொடி செதில், முடிக்குள்ள போய் உக்காந்துக்கும், அப்புறம் அம்பாள் கண்ணுல ஜிகினா மின்னும். நகைக்கு தனி பிரஷ், தனி தண்ணி. வார்னிஷ், ப்ரைமர் எல்லாம் பழைய நைலான். பெயிண்ட் எப்பவும் முடியில பாதி உயரம் வரைக்கும்தான் ஏறணும், குழாய் வாய்க்கு ஏறி காஞ்சுதுன்னா முடி அடியில விரிஞ்சுக்கும், நுனி திரும்ப சேராது. முடிஞ்சதும் பச்சத்தண்ணி, குளிக்கற சோப்புல உள்ளங்கையில மெதுவா சுத்தி நுரை வெள்ளையா வர வரைக்கும், விரலால கூர் பண்ணி படுக்க வை. தண்ணி டம்ளர்ல தலைகீழா நிக்க வச்சுட்டு டீ குடிக்கப் போனா ஒரு டீயோட அந்தப் பிரஷ் ஆயுசு முடிஞ்சுது.

பொம்மைக்காரி:
அது நேத்தே ஒண்ணு முடிஞ்சுது அண்ணே 😔

அப்டேட் இதோ. லைனர வச்சே ஆரம்பிச்சுட்டேன், சிங்கப்பூர் பிரஷ் வர வரைக்கும் கை அரிக்குது. மொதல்ல வெள்ளை வச்சு நடுவுல கருமணி புள்ளி வச்சேன், நாயனக்காரர் பேயப் பாத்த மாதிரி முழிச்சாரு. அப்புறம் வெள்ளைக்கு பதிலா லேசா பழுப்பு கலந்த வெள்ளை வச்சு, கருமணிய புள்ளியா வைக்காம மேல் இமையிலேர்ந்து கீழ் இமை வரைக்கும் குட்டியா ஒரு நெட்டுக்கோடா இழுத்தேன், மேல இமைக் கோட்ட கரும்பழுப்புல போட்டு காது பக்கம் கொஞ்சம் நீட்டி விட்டேன், பிசிறெல்லாம் தோல் கலர வச்சு மூடிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, நாயனக்காரர் உயிரோட ஊதறாரு. செட்டிச்சி மச்சத்த அப்படியே விட்டுட்டேன், எங்க அம்மா பாத்துட்டு அழகா இருக்குன்னுட்டாங்க. செட்டியார்தான் கொஞ்சம் மாறுகண்ணு, ஒரு கண்ணு கல்லாப்பெட்டிய பாக்குது இன்னொண்ணு செட்டிச்சிய பாக்குது.

லாத்தா_வாசி:
அது மாறுகண்ணு இல்லம்மா, தொழில் சுத்தம். போட்டோ எங்க?

மோல்மேன்_முத்து:
வலது கைக்காரிதானே நீ? ரெண்டு கண்ணுல எது கைக்கு எட்டாம கஷ்டமா இருக்கோ அத மொதல்ல வரை, சுலபமானத அதுக்கு ஜோடியா திருத்திக்கலாம். செட்டியார மாத்த வேணாம். போட்டோ எடுக்கும்போது விளக்க பக்கவாட்டுல வை, நேரா வச்சா வார்னிஷ் பளபளக்கும்.

பொம்மைக்காரி:
விளக்கா, இப்பதான் கரண்ட் போச்சு. சார்ஜ் லைட்லயும் உயிர் இல்ல. நாளைக்கு காலையில ஜன்னல் வெளிச்சத்துல எடுத்து போடறேன். மழை இல்லன்னா.